நம் இடுப்பில் இருக்கும் பழவேற்காடு

போன மாதம் அப்பாவுக்குக் கைலி எடுக்கப் பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பத்துப் பன்னிரண்டு கைலிகளை என் முன்னால் விரித்துப் போட்டிருந்தார். அந்த நேரம் ஒரு மலாய்ப் பெரியவர் பேரனோடு உள்ளே வந்து, "காயின் பெலிக்காட் அடா?" என்று, அதாவது பெலிக்காட் துணி இருக்கிறதா என்று, கேட்டார். கடைக்காரர் புதிதாக எதையும் எடுக்கவில்லை. எனக்கு விரித்த அதே குவியலிலிருந்து நாலைந்தை அவர் பக்கம் நகர்த்தினார். எனக்குக் கைலி, அவருக்குப் பெலிக்காட். துணி ஒன்றுதான்.

பேரன் சும்மா இருக்கவில்லை. பெலிக்காட் என்றால் என்ன என்று தாத்தாவைக் கேட்டான். கட்டம் போட்ட துணி என்று அவர் சொன்னார். இந்நாட்டில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள், நம் ஆட்களும்தான். ஆனால் பெலிக்காட் என்பது கட்டத்தின் பெயர் இல்லை, ஓர் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், உப்பங்கழி ஏரியை ஒட்டி இருக்கும் பழவேற்காடு. ஐரோப்பியர் வாயில் அது புலிகாட் ஆனது, மலாய்க்காரர் வாயில் பெலிக்காட் ஆனது. துறைமுகத்தின் பெயரே துணிக்கும் ஒட்டிக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். கோழிக்கோட்டிலிருந்து போன துணிதான் ஐரோப்பாவில் காலிகோ ஆனது.

பழவேற்காட்டில் முதலில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். பிறகு வந்த டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது துணி இல்லை. ஜாதிக்காயும் கிராம்பும்தான் வேண்டும். ஆனால் அவை விளைந்த, இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மொலுக்கஸ், பண்டா தீவுக்காரர்கள் ஐரோப்பியச் சரக்குக்கு மசியவில்லை. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியைக் கொடு, வாசனைச் சரக்கை எடுத்துக்கொள் என்றார்கள். சோழமண்டலக் கரை மொலுக்கஸின் இடது கை, அந்தத் துணி இல்லாவிட்டால் அங்கே வியாபாரமே செத்துவிடும் என்று ஹென்றிக் புரூவர் என்ற டச்சு அதிகாரி 1612-இல் எழுதினார். பழவேற்காட்டைச் சுற்றியிருந்த ஊர்களில் குழித்தறியில் உட்கார்ந்திருந்தவர்கள் நெய்த துணி, உலகத்தின் இந்தப் பாதியில் நாணயம் போலப் புழங்கியது. இதைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. வாசனைப் பொருள் வணிகம் என்று படித்தோம். அந்த வாசனைப் பொருளை எதைக் கொடுத்து வாங்கினார்கள் என்று நாமும் கேட்கவில்லை.

1786-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றிய பிறகு, இந்த வணிகம் நேராக நம் தெருக்களுக்கே வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியா என்றார்கள். சூலியா தெருவின் பெயர் அவர்களுடையது. 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அவர்கள் எழுப்பியதுதான். அந்தக் கரையிலிருந்து வரும் கப்பல்களில் ஆண்டுக்கு 1300 முதல் 2000 பேர் வந்து, வியாபாரமும் கூலி வேலையும் செய்து நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்று 1794-இல் லைட்டே எழுதி வைத்திருக்கிறார். வந்த கப்பல் மலாயில் காப்பால் ஆனது, போட்ட கடை கெடாய் ஆனது. கப்பலையும் கடையையும் பெயரோடு எடுத்துக்கொண்டவர்கள், அவற்றில் வந்த துணியின் ஊர்ப்பெயரையும் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

வணிகர்களுக்குப் பிறகு நெசவாளர் குடும்பங்களும் வந்தன. இங்கிலாந்து ஆலைத்துணி இந்தியச் சந்தையில் கொட்டத் தொடங்கியதும் கைத்தறி நொடித்தது. நெசவுக்குப் பேர்போன கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து பலர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள். ஊரில் தறியை விட்டுவிட்டு வந்தவர்கள், இங்கே தறியில் நெய்த கைலியைக் கட்டிக்கொண்டு வேறு வேலை பார்த்தார்கள்.

சரி, கைலிக்கு வருவோம். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், கையில் எடுத்துப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கைலியின் கட்டம் துணியின் மேல் போட்டது இல்லை. துணி உருவாகும் முன்பே நூலில் இருப்பது. வெள்ளை நூலைச் சிட்டம் சிட்டமாக, அதாவது கற்றை கற்றையாக, சாயத்தில் முக்கி, நீலம், பச்சை, அரக்கு என்று தனித்தனியாகக் காயவைக்கிறார்கள். அந்தக் காலத்தில் சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. சாயவேர் சோழமண்டலக் கரை மணலில் விளைந்த செடியின் வேர். செயற்கை நீலம் 1897-இல் விற்பனைக்கு வந்த பிறகு அவுரியும் மெல்ல ஓய்ந்தது. இன்றைக்கு எல்லாம் ரசாயனச் சாயம்தான். ஆனால் நூலுக்கு முதலில் சாயம், பிறகுதான் தறி என்ற வரிசை மாறவில்லை.

அடுத்தது பாவு. துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்களுக்குப் பாவு என்றும், குறுக்கே ஓடுவதற்கு ஊடை என்றும் பெயர். பாவு போடும்போதே கட்டத்தின் பாதி முடிவாகிவிடுகிறது. இத்தனை இழை நீலம், இத்தனை வெள்ளை, நடுவில் ஓர் இழை சிவப்பு என்று எண்ணி வரிசைப்படுத்த வேண்டும். ஒரு நிறத்தில் இரண்டு இழை தவறினாலும் அந்தத் தவறு பாவு முடியும்வரை ஒவ்வொரு கைலியிலும் வரும். பிறகு அந்தப் பாவைத் தெருவிலோ பாவடியிலோ நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் நீவிக் காயவைக்கிறார்கள். வெயில் ஏறினால் கஞ்சி சீக்கிரம் காய்ந்து நூல் முறுக்கிக்கொள்ளும் என்பதால் விடியற்காலை வேலை அது. கஞ்சி எதற்கு? தறியில் பாவு நூல் ஆயிரக்கணக்கான முறை இழுபடும், உரசப்படும். கஞ்சி போடாத நூல் பஞ்சாகப் பிரிந்து அறுந்துவிடும். புதுக் கைலி மொடமொடவென்று இருப்பதும், முதல் துவைப்பில் தண்ணீர் குழகுழவென்று ஆவதும் இந்தக் கஞ்சியால்தான். அது குறையில்லை. ஆனால் கஞ்சியை மட்டும் தாராளமாக ஏற்றி, நெசவை நெகிழ விட்ட துணியும் உண்டு. அது முதல் துவைப்புக்குப் பிறகு சல்லடை மாதிரி ஆகிவிடும்.

குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிப்பார். ஒரு மிதிக்குப் பாவின் பாதி இழைகள் மேலேறும், மறு மிதிக்கு மறுபாதி. அந்த இடைவெளியில், ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா பாயும். நாடாவுக்குள் தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றியிருக்கும். கட்டத்தின் மறுபாதி இங்கே முடிவாகிறது. பாவில் எத்தனை இழைக்கு ஒரு நிறம் மாறியதோ, அதே கணக்கில் ஊடையிலும் மாற்றினால்தான் சதுரம் சதுரமாக வரும். மனம் ஒரு நிமிடம் வேறெங்கோ போனால் சதுரம் நீள்சதுரம் ஆகிவிடும்.

கைலிக்கு நல்ல நூல் என்றால் 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் என்பார்கள். அந்த நம்பருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டு எடை நூலில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை கிடைக்கும் என்பதுதான் அது. 60-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 50,400 கஜம், ஏறக்குறைய 46 கிலோமீட்டர். பினாங்கின் முதல் பாலம் 13.5 கிலோமீட்டர். அரைக் கிலோவுக்கும் குறைவான பருத்தியை நூற்றால் அந்தப் பாலத்தை மூன்று முறை தாண்டிவிடலாம். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு, துணி மிருது, விலை கூடுதல்.

இப்போது கைலியை விரித்து வைத்துப் பாருங்கள். சுமார் இரண்டு மீட்டர் நீளத் துணியின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்ததுதான் கைலி. அதாவது தறியில் நீளவாக்கில் ஓடிய பாவு, நாம் கட்டும்போது இடுப்பைச் சுற்றி ஓடுகிறது. தறியின் அகலம் இடுப்பிலிருந்து கணுக்கால் வரையுள்ள உயரம் ஆகிறது. இது தெரிந்தால், கைலியில் ஓரிடத்தில் மட்டும் கட்டம் மாறி, நிறம் கூடி, செங்குத்தாக ஒரு பட்டை வருவது எப்படி என்று புரிந்துவிடும். மலாய்க்காரர்கள் அதைக் கெப்பாலா, அதாவது தலை, என்கிறார்கள். பாவை யாரும் தொடவில்லை. அந்த ஒரு முழ நீளத்துக்கு மட்டும் நெசவாளர் ஊடை நூலின் நிறத்தை மாற்றிவிட்டு, பிறகு பழைய கணக்குக்கே திரும்பியிருக்கிறார். பெலிக்காட் கட்டுபவர்கள் கெப்பாலா முதுகுப்பக்கம் வரும்படி கட்டுவார்கள். பள்ளிவாசலில் ஒருவர் பின் ஒருவராக நிற்கும்போது கண்ணில் படுவது அந்தப் பட்டைதான். அப்பாவும் அப்படித்தான் கட்டுகிறார். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தானே கட்டுறாங்க" என்றார். எங்கள் வீடு பட்டர்வொர்த்தில் ஒரு மலாய்க் கம்பத்தை, அதாவது கிராமத்தை, ஒட்டி இருந்தது. பார்த்துப் பழகியிருப்பார்.

எங்கள் வீட்டில் கைலிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தம்பி பிறந்தபோது ஹார்ட்வேர் கடையில் ஸ்பிரிங் வாங்கி உத்தரத்தில் மாட்டி, அதில் தூளி கட்டினார்கள். நம் வழக்கப்படி சேலையில் கட்டலாம். ஆனால் அம்மா பக்கத்து வீட்டு மக்சிக்கை, அதாவது மலாய் அத்தையை, பார்த்துக் கைலியில் கட்டினார். கைலி ஏற்கெனவே வளையமாகத் தைத்திருக்கிறது, முடிச்சே தேவையில்லை, கொக்கியில் மாட்டினால் போதும். தையல் மட்டும் மேலே, கொக்கிக்குப் பக்கத்தில் வரும்படி அம்மா திருப்பி வைப்பார். பிள்ளை படுக்கும் இடத்தில் தையல் உறுத்தக் கூடாது என்பதற்காக. அந்தத் தூளியில் பிள்ளையின் பாரம் முழுக்க எதில் தொங்குகிறது? வளையமாகச் சுற்றிவரும் பாவு நூலில். கஞ்சி போட்டு, நீவி, தறியில் ஆயிரம் முறை இழுபட்டும் அறாமல் வந்த அதே நூல்.

அப்பாவின் கைலி நூலில் தொடங்கியது என்றால், அம்மா வீட்டில் கட்டும் பாத்தேக் கைலி நேர் எதிர்த் திசையில் வந்தது. அங்கே துணி முதலில் வெறும் வெள்ளை. சூடாக உருக்கிய மெழுகைச் சாந்திங் என்ற சின்னச் செம்புக் கூசாவால் கோடு கோடாக இழுப்பார்கள், அல்லது செம்புத் தகட்டில் செய்த அச்சை மெழுகில் தோய்த்துப் பதிப்பார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. மற்ற இடத்தில் ஏறும். பிறகு கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால் உருவம் நிற்கும். மலேசியாவில் கிளந்தானும் திரெங்கானுவும் இதற்குத் தாய்வீடு. பினாங்கில் தெலுக் பாஹாங்கிலும் பட்டறை உண்டு. இதே மெழுகு முறையை ஓவியத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடியான சுவா தியன் தெங் பினாங்கில் வாழ்ந்தவர். 2008-இல் காலமானார். அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்தேக் சட்டை போடுவது இன்று எல்லாருக்கும் பழகிவிட்டது. ஆனால் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் குவித்து விற்கும் பாத்தேக்கில் பெரும்பகுதி மெழுகையே பார்க்காத அச்சுத்துணி. புரட்டிப் பார்த்தால் தெரியும். மெழுகு போட்டுச் சாயம் ஏற்றியதில் சாயம் இழைக்குள் இறங்கி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அச்சில் முன்பக்கம் பளிச், பின்பக்கம் வெளிறல். மெழுகு வெடித்த இடத்தில் மயிரிழை போலச் சாயம் கசிந்திருந்தால் இன்னும் நல்லது.

பெலிக்காட் என்ற பெயர் இங்கேயே இருக்கிறது, ஆனால் நெசவு ஊர் மாறிவிட்டது. இன்று இங்கே விற்கும் பெலிக்காட்டில் நிறைய இந்தோனேசியாவில் விசைத்தறியில் நெய்தது. காஜா டூடோக் என்னும் உட்கார்ந்த யானைச் சின்னம் எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டுக் கைலியும் வருகிறது. விசைத்தறியில் நெய்ததை நான் குறை சொல்லமாட்டேன். கட்டம் பிசகாமல் வருகிறது, எல்லாரும் வாங்கும் விலையில் கிடைக்கிறது. எனக்கு வருத்தம் வேறொன்றில். கைலியில் பாலியெஸ்டர் கலப்பது வழக்கமாகிவிட்டது, அது கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிவதும் இல்லை.

பாலியெஸ்டரும் நல்ல துணிதான், அதற்குரிய இடத்தில். சுருங்காது, சீக்கிரம் காயும், வருஷக்கணக்கில் உழைக்கும். பள்ளிச் சீருடைக்கும் தொழிற்சாலைச் சட்டைக்கும் அது பொருந்தும். பினாங்கிலேயே ஜப்பானின் தோரே குழுமத்தைச் சேர்ந்த பென்பேப்ரிக் பாலியெஸ்டர் - பருத்திக் கலவைத் துணி செய்கிறது. ஆனால் கைலி இரவெல்லாம் உடம்போடு கிடக்கும் துணி. சோதனைக்கூடத்துச் சாதாரணக் காற்றில் 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரைக் கிராம்கூட வாங்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை தோலிலேயே நின்றுவிடுவதும், கைலி தொடையில் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். கைலி பொத்தான் இல்லாத, கீழே திறந்த உடுப்பு. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உள்ளே காற்றை இழுத்து வெளியே விடுகிறது. அதன் வசதி முழுக்க அந்தக் காற்றிலும் பருத்தியிலும்தான் இருக்கிறது. பருத்தியை எடுத்துவிட்டால் பாதி போய்விடும்.

வாங்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நெசவு ஒரே சீராக நெருக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஓரத்தை இரு விரலால் கசக்கினால் கஞ்சி பொடியாக உதிர்ந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுவேன். கையில் இறுக்கிப் பிடித்து விட்டால் பருத்தி கசங்கிய தடத்தோடு நிற்கும், பாலியெஸ்டர் ஒன்றுமே நடக்காதது போல விரிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் இருந்தால் தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டலாம். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை, சாம்பல் ஊதினால் பறக்கும். பாலியெஸ்டர் என்றால் உருகிக் கறுப்பு மணியாகக் கட்டிக்கொள்ளும். கலவை என்றால் இரண்டும் நடக்கும். போன வருஷம் ஒரு கடையில் சுத்தக் காட்டன் என்று சத்தியம் செய்து கொடுத்த கைலியில் ஓர் இழையைக் கொளுத்தினேன். கடுகளவு மணி ஒன்று விரலைச் சுட்டது. அது முதல் கொளுத்திப் பார்க்காமல் அப்பாவிடம் கொடுப்பதில்லை.

துணி விஷயத்தில் இந்தக் கண்டிப்பு எனக்குப் பாட்டியிடமிருந்து வந்தது. செபராங் பிறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்ததும் கப்பல் நின்றது, கப்பல் நின்றதும் துணி நின்றது. இருந்த துணி கிழியும்வரை கட்டினார்கள். கிழிந்த பிறகு அரிசிச் சாக்கை வெட்டிக் கட்டினார்கள். மலாயா முழுக்க இதுதான் கதை. பாட்டி வீட்டில் இரண்டு பெண்களுக்கு வெளியே கட்டிப் போக ஒரே சேலை. ஒருத்தி பால்வெட்டுக்குப் போய்த் திரும்பும்வரை மற்றவள் சாக்கோடு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். சாக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால், அரிப்பைப் பற்றிச் சொல்லமாட்டார். மழையில் நனைந்தால் அதன் கனம் தாங்காது, காயவும் இரண்டு நாள் ஆகும் என்றுதான் சொல்வார். போர் முடிந்து தோட்டத்துக் கடைக்கு முதன்முதலில் துணிக்கட்டு வந்தபோது, வாங்கக் காசு இல்லாவிட்டாலும் போய் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தாராம். புதுத் துணியின் கஞ்சி வாசனை.

அதனால்தான் எங்கள் வீட்டில் கைலியை யாரும் தூக்கிப் போட்டதில்லை. முதலில் வெளியே கட்டுவது, நிறம் மங்கியதும் வீட்டில் கட்டுவது, உட்காருமிடத்தில் இழை தேய்ந்ததும் தூங்கக் கட்டுவது. கெப்பாலா முதுகுப்பக்கம் வருவதால் அதுதான் முதலில் தேயும். அப்பா அப்போது அதை முன்பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டு இன்னொரு வருஷம் ஓட்டுவார். அதற்கும் பிறகு அம்மா கையில் போகும். அம்மாவுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு வெட்டு விழவைத்து, இரண்டு கையாலும் இழுப்பார். சர்ரென்று ஊடை நூலோடு நேராகப் போகும், கோடு போட்டது போல. அடுப்படிக்கு நாலு பிடிதுணி, மோட்டார் துடைக்க ஒன்று. போன வருஷம் விரலைச் சுட்ட அந்தக் கைலியும் இந்த வருஷம் அம்மா கைக்குப் போனது. இழுத்துப் பார்த்தார், கிழியவில்லை. கத்தரிக்கோலைத் தேடிப் போனார்.